கொடிவேலிப் பூ பார்க்க அம்பத்தூர் போனேன்

ஆரல்வாய்மொழியைத் தாண்டிவிட்டால் குமரிக்காரர்களான எங்களுக்கு எல்லாமே வெளிநாடுதான். தேங்காயெண்ணெய் வாசம் இல்லாத சமையல், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலைகூட இல்லாத வானம், முன்பின் தெரியாதவனை 'நீ' என்று கூப்பிடும் ஜனங்கள். இதையெல்லாம் பார்த்துவிட்டு வந்தவனை அயல்நாடு போய்வந்தவன் என்று சொல்லாமல் என்ன சொல்வது? அந்தக் கணக்கில் நானும் எண்பதுகளின் கடைசியில், ஒரு புரட்டாசி மாதம், அயல்நாடு போய் வந்தேன். ஊரின் பெயர் அம்பத்தூர். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போகவில்லை. ஒரு பூ வெள்ளையா சிவப்பா என்று பார்த்துவரப் போனேன்.

எனக்கு நாகர்கோவிலில் ஒரு சித்த வைத்தியசாலையில் வேலை. மருந்துக்கு வரும் வேர், பட்டை, காய்களைப் பார்த்து வாங்கி, சரக்கு வைக்கும் கிட்டங்கியில் அடுக்குவது என் பொறுப்பு. இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். முதலாளியை எல்லோரும் ஆசான் என்போம். எழுபது வயது. மூலிகை பற்றி அவர் வாயைத் திறந்தால் எதிரில் நிற்பவன் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

அந்த வருஷம் தீபாவளி லேகியத்துக்காகக் கொடிவேலி வேர் மூன்று மூட்டை வந்து இறங்கியிருந்தது. கொடிவேலியில் இரண்டு உண்டு. ஒன்று வெள்ளையாகப் பூக்கும், மற்றது சிவப்பாக. எங்கள் லேகியத்துக்கு வெள்ளைதான் வேண்டும். சிவப்பு காரம் கூடியது. வயிற்றைப் பதம் பார்த்துவிடும். தொல்லை என்னவென்றால், காய்ந்த வேரை வைத்துக்கொண்டு இது வெள்ளை, இது சிவப்பு என்று சொல்வது லேசில்லை. பூவைப் பார்த்தால்தான் உண்டு. வேரோடு பூவும் சேர்ந்தா வரும்?

ஆசான் ஒரு வேரை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். "ஓய் தாணு, இது என்ன இந்தத் தடி தடிச்சிருக்கு? வெள்ளைதானா?"

"வெள்ளைதான் ஆசானே. நான் பொறுப்பு."

"அப்பம் நீரே போயி பூவைப் பாத்துட்டு வாரும். சிவப்புன்னா சரக்கும் வெளிய, நீரும் வெளிய."

நான் பொறுப்பு என்று சொல்லியிருக்கக் கூடாது. காரணம் இருந்தது. இருபத்திரண்டு வருஷம் கொடிவேலி வேர் வாங்கிய நான், கொடிவேலிச் செடியைப் பூவோடு ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வேரை மோந்து பார்த்துச் சொல்வேன், ஒடித்துப் பார்த்துச் சொல்வேன். பூவைப் பற்றிக் கேட்டால் திருதிருவென்று விழிப்பேன். இது என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

ஆசான் தன் அப்பா எழுதிவைத்த நோட்டைத் திறந்து அடையாளம் வாசித்தார். நான் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டேன். வறண்ட, நெருக்கமில்லாத காட்டில், மரநிழலும் வெயிலும் கலந்த இடத்தில் நிற்கும். வெட்டினாலும் வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பத் தழைக்கும். பூ வெள்ளை, ஐந்து இதழ், அடியில் ஊசிபோல் மெலிந்த குழல். குழலைச் சுற்றிய பச்சை உறை பிசுபிசுக்கும், பிடித்தால் விடாது.

"இன்னொண்ணு" என்றார் ஆசான். "வேரு அனுப்புத அந்த ஏகாம்பரத்துக்கிட்ட இதைப் பத்தி மூச்சு விடப்பிடாது. விக்கிறவன் வெள்ளைன்னுதான் சொல்லுவான். நீராக் கண்டுபிடிச்சு, செடியப் பூவோட கொண்டு வாரும்."

ஏகாம்பரம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டுபவர். பக்கத்தில் மண்ணூர்பேட்டையில் வீடு. அவரோடு வேலை பார்த்த எங்களூர்க்காரன் ஒருவன் சொல்லி, ஆறு வருஷமாக லீவு நாட்களில் ஆவடிப் பக்கத்துக் காட்டில் வேர் தோண்டி எங்களுக்கு லாரியில் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். நேரில் பார்த்ததில்லை. 'சும்மா ஊர் பார்க்க வருகிறேன்' என்று ஒரு கார்டு எழுதிப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

மெட்ராஸ் மின்சார ரயிலில் ஏறுவதற்கு நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பின்னால் நிற்பவர்கள் ஏற்றிவிடுவார்கள். இறங்குவதற்குத்தான் திறமை வேண்டும். அம்பத்தூர் வந்ததும் எங்களூர் பஸ்ஸில் கேட்பதுபோல, "கொஞ்சம் வழி விடுங்க" என்றேன். "இன்னா நைனா, எறங்கறதுன்னா மின்னாடியே வந்து நிக்க வேணாமா?" என்று ஒருவர் எனக்குப் புத்தி சொல்லி முடிப்பதற்குள் அம்பத்தூர் போய்விட்டது. அடுத்த இரண்டு நிலையத்திலும் அப்படியே. பின்னால் நின்ற இரண்டு பெண்கள் மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள்.

"பாவம், இந்த ஆள் மூணு ஸ்டேஷனா இறங்கப் பார்க்கிறார்."

"இறங்கத் தெரியாதவர் எதுக்கு ஏறினார்?"

மலையாளம் எனக்கு நன்றாகத் தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ளவில்லை. ஆவடியில் பாதிப் பெட்டி இறங்கியபோது அந்தக் கூட்டமே என்னையும் இறக்கிவிட்டது.

வந்தது வந்துவிட்டோம், ஏகாம்பரம் வேர் தோண்டும் காட்டை அவருக்குத் தெரியாமல் பார்த்துவிட்டால் அன்றைக்கே வேலை முடிந்தது என்று பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். வேம்பும் உடைமரமும் பனையும் தள்ளித்தள்ளி நின்றன. நடுவில் முள்ளும் புல்லும் வெயிலும். இதைக் காடு என்றால் எங்களூர் மாந்தோப்புக்கே கோபம் வரும். ஆனால் நோட்டில் சொன்ன வறண்ட, நெருக்கமில்லாத காடு என்பது அச்சு அசல் இதுதான். குனிந்து குனிந்து புதர் புதராகப் பார்த்தேன். கிழக்கே ஒரு நீண்ட வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் போகவில்லை. அதைத்தான் கொஞ்ச நேரத்தில் விசிலடித்துக்கொண்டு ஓடிவந்த காவலரிடம் சொல்லப் பார்த்தேன்.

அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு ஹிந்தி தெரியாது. அந்த வழியாக சைக்கிளில் வந்த ஒருவர் நடுவில் நின்று இரண்டையும் மாற்றிச் சொன்னார்.

"இங்க இன்னா பண்றேன்னு கேக்கறாரு."

"பூ பார்க்கிறேன்."

சைக்கிள்காரர் அதை ஹிந்தியில் சொன்னார். காவலர் என் நரைத்த தலையையும் தோளில் கிடந்த பையையும் பார்த்துவிட்டு நீளமாக என்னவோ கேட்டார்.

"ஊட்ல சண்டை போட்டுகினு வந்துட்டியான்னு கேக்கறாரு" என்றார் சைக்கிள்காரர்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அதுதான் அப்போதைக்குச் சுருக்கமான பதில். காவலர் முதுகில் தட்டிக்கொடுத்து, தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் குடிக்கக் கொடுத்து, பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கூடவே வந்து வழியனுப்பினார்.

மண்ணூர்பேட்டையில் ஏகாம்பரம் வாசலிலேயே நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். காதில் ஒரு பென்சில், சட்டைப் பையில் இரும்பை அளக்கும் ஒரு வெர்னியர். "வா சார், வா சார்! ரயில்ல நசுங்கிட்டியா? குந்து, குந்து. கன்னிமா, சாருக்குத் தண்ணி குடு!" என்றார். நான் குடித்து முடித்த சொம்பின் வாயை அந்த வெர்னியரால் சும்மா அளந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். இந்த மனிதருக்கு எதையாவது அளக்காவிட்டால் கை நிற்காது என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

கன்னியம்மா அவர் மனைவி. காலையில் பக்கத்துக் கம்பெனிகளுக்கு இட்லி போட்டுக் கொடுப்பவர். அன்று ராத்திரி சோறும் கருவாட்டுக் குழம்பும். கடலையெண்ணெய்க் குழம்பு என்று பயந்து முதல் கவளத்தை வைத்தேன். மூன்றாம் தடவை நானே கேட்டுப் போடச் சொன்னேன். இதை எங்களூரில் சொன்னால் வீட்டில் சேர்க்க மாட்டார்கள்.

சாப்பிட்டு எழுந்தபோதுதான் கவனித்தேன், வேட்டியின் கீழ்க்கரை முழுக்கப் பச்சையும் பழுப்புமாகச் சின்னச் சின்னக் குச்சிகள் ஒட்டியிருந்தன. பிய்த்தால் விரலில் ஒட்டியது. விரலிலிருந்து எடுத்தால் அடுத்த விரலில் ஒட்டியது. "சனியன் பிடிச்ச முள்ளு" என்று திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிய்த்து வெளியே எறிந்தேன்.

"இன்னா சார், காட்டுப் பக்கம் போயிருந்தியா?" என்று கேட்டார் கன்னியம்மா.

"இல்லையே. நேரா ஸ்டேஷன்லேருந்துதான் வாறேன்."

கன்னியம்மா வேட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

மறுநாள் எனக்கு வாய்த்த சோதனை, ஏகாம்பரத்தின் உபசாரம். ஊர் பார்க்க வந்தவருக்கு ஊரைக் காட்டாமல் விடுவதா என்று அவர் இரண்டாவது ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். காலை நாஷ்டா இட்லியும் வடகறியும். கடலைப்பருப்பை வடையாகச் சுட்டு, அதையும் உதிர்த்துக் குழம்பாக்குகிறார்கள். வடையாகவே தின்றால் என்ன என்று தோன்றியது. தின்றபின் தோன்றவில்லை. பிறகு என்னை சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு தொழிற்பேட்டை முழுக்கச் சுற்றினார். தெருவுக்குத் தெரு தகரக் கூரைப் பட்டறைகள். எல்லாவற்றிலிருந்தும் ஒரே சத்தம், ஒரே எண்ணெய் வாடை.

"இதோ கீது பாரு சார், இந்த ஷெட்டு. இது எங்க தாத்தா இன்னொருத்தர் நெலத்துல நாத்து நட்ட எடம். இப்ப நான் அதே எடத்துல போல்ட்டு போடறேன். அவருக்கு முட்டி வரைக்கும் சேறு, எனுக்கு முட்டி வரைக்கும் கிரீஸு. அவ்ளோதான் வித்தியாசம்" என்று சொல்லிச் சிரித்தார். "ஆனா எனுக்கு மாசம் ஒண்ணாந்தேதி சம்பளம் வருது சார்."

நான் சிரித்தேனே தவிர, கண்ணெல்லாம் பாதை ஓரத்துச் செடிகளில் இருந்தது. கொரட்டூர் ஏரிக்கரையில் வெள்ளையாக எதையோ பார்த்து, "நில்லுங்க, நில்லுங்க" என்று கத்தினேன். இறங்கிப் பார்த்தால் தும்பை. தும்பையைத் தெரியாதவன் உலகத்தில் உண்டா? ஏகாம்பரம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஏரி அழகாக இருக்கிறது, அதைப் பார்க்கத்தான் இறங்கினேன் என்றேன். ஏரியில் அப்போது ஏழெட்டு எருமைகள் இருந்தன. எருமைகளைப் பத்து நிமிஷம் ரசித்தோம்.

அவர் ஷிப்டுக்குப் போனதும் நான் ஒரு டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். வெள்ளைப் பூ, அஞ்சு இதழ், வெட்டினாலும் தழைக்கும், தண்ணீரே வேண்டாம் என்று அடையாளம் சொல்லிக் கேட்டேன். டீ ஆற்றியவர் தயங்கவே இல்லை. "நேராப் போ அண்ணாத்தே. லெப்ட்ல சுடுகாடு வரும். உள்ள பூந்தீன்னா எங்கப் பாத்தாலும் அதான்." போனேன். கல்லறைக்குக் கல்லறை நித்தியகல்யாணி வெள்ளையும் ரோஜா நிறமுமாகப் பூத்துக் கிடந்தது. எங்கள் வீட்டு வாசலில் இருக்கும் அதே செடி. அதைப் பார்க்க அறுநூறு, எழுநூறு கிலோமீட்டர் வந்து சுடுகாட்டில் நிற்கிறேன். வெட்டியான் வந்து, "யாருக்கு எடம் பாக்கறே? உனுக்கா?" என்று அக்கறையோடு கேட்டார்.

மூன்றாம் நாள் பூந்தமல்லிக்குப் போனேன். ஊர்ப் பெயரிலேயே பூ இருக்கிறது, அங்கே இல்லாமல் எங்கே இருக்கும் என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றிய பெரிய யோசனை. பஸ்ஸில் கண்டக்டர், "உள்ள போ, உள்ள போ, பின்னால காலியா கீது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பின்னால் காலியாக இருந்தது அவருடைய கற்பனையில்தான். வழியில் பஸ் நின்றுவிட்டது. இறங்கி எல்லோரும் தள்ளினோம். டிக்கெட் எடுத்தவர்கள் தள்ளுவதைப் பார்த்து, டிக்கெட் எடுக்காத ஒருவர் மரத்தடியில் நின்று, "இன்னும் கொஞ்சம் தம் புடிங்கப்பா" என்று உற்சாகப்படுத்தினார். பஸ் கிளம்பியதும் முதலில் ஏறியவர் அவர்தான்.

மறுநாள் ஆயுத பூஜை. பூந்தமல்லி பஸ் நிலையத்தைச் சுற்றி எங்கே பார்த்தாலும் சாமந்தியும் மல்லியும் பூசணியும் பொரியும் வாழைக்கன்றும். நான் என் துண்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஒரு பூக்காரம்மாவிடம் போய் அடையாளம் சொன்னேன். அவர் தொடுத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை.

"அது பேரு இன்னா?"

"பேரு சொல்லக்கூடாது" என்றேன். ஆசான் சொன்னது ஏகாம்பரத்திடம் மட்டும்தான். ஆனால் பயத்தில் நான் அதை ஊருக்கே பொதுவாக்கி வைத்திருந்தேன்.

"பேரு சொல்ல மாட்டே, வாசனை உண்டான்னா தெரியாதுன்றே. இன்னா மனுசன்யா நீ? போணி நேரத்துல பேஜார் பண்ணிகினு! ரெண்டு மொழம் வாங்கிகினு போவியா?"

வாங்கிக்கொண்டு போனேன். அந்த இரண்டு முழம் மல்லிகைதான் மூன்று நாளில் நான் கண்டுபிடித்த வெள்ளைப் பூ. கன்னியம்மா அதை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, "எதுக்கு சார் இதெல்லாம்" என்றார். நான் விரலை மடக்கி எண்ணினேன். நாளை ஒருநாள்தான் பாக்கி. நாளை மறுநாள் ரயில். ஐம்பது வயதில் வேலை போனால் என்னை யார் வைத்துக்கொள்வார்கள்? வேர் மோந்து பார்க்கத் தெரியும் என்று எந்தக் கடையில் போய்ச் சொல்வது? உண்மையில் அன்றைக்கு நான் பயந்துபோயிருந்தேன்.

நான்காம் நாள் காலை ஏகாம்பரம் என்னைப் பட்டறைக்கு இட்டுக்கொண்டு போனார். எங்களூரில் சரஸ்வதி பூஜை என்றால் புத்தகத்தை அடுக்கி வைத்துவிட்டுப் படிக்காமல் இருப்போம். அவ்வளவுதான். அம்பத்தூரில் அன்று இரும்புக்குத் திருவிழா. தெருவே கழுவிவிட்டிருந்தது. தினமும் கத்திக்கொண்டிருந்த மெஷின்கள் குளித்து, விபூதி பூசி, பொட்டு வைத்துக்கொண்டு அமைதியாக நின்றன. ஏகாம்பரத்தின் லேத்துக்கு வாழைக்கன்று, மாவிலை, சுற்றிலும் பூச்சரம்.

அந்தச் சரத்தைப் பார்த்தேன். ஐந்து இதழ். அடியில் ஊசிபோல் மெலிந்த குழல்.

நிறம் சிவப்பு.

சந்தேகமே இல்லை, நல்ல சிவப்பு. பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். "இந்தப் பூ எங்கேருந்து வந்தது?" என்று கேட்ட குரல் எனக்கே கேட்கவில்லை.

"இதுவா? நாம வேரு தோண்டறோமே, அந்தக் காட்டுச் செடிதான் சார். பூச நேரத்துல சாமந்தி வெல இன்னா விக்குது! கன்னிமா விடிகாலைல போயி அல்லாத்தையும் பறிச்சிகினு வந்துட்டா. ஏன் சார், ஒரு மாதிரியா கீறே? மயக்கம் வருதா?"

தீர்ந்தது. மூன்று மூட்டையும் வெளியே, நானும் வெளியே. ஸ்டூலிலிருந்து எழுந்திருக்க லேத்தைப் பிடித்தேன். கை சரத்தின்மேல் பட்டது. எடுத்தால், பூ கையோடு வந்துவிட்டது. உதறினேன், விழவில்லை. மறுகையால் எடுத்தேன், மறுகையில் ஒட்டிக்கொண்டது. சரத்தைத் திருப்பிப் பார்த்தேன். நூலே இல்லை. ஒரு பூவின் உறையை அடுத்த பூவின் உறையோடு அழுத்தி அழுத்திக் கோத்திருந்தார் கன்னியம்மா. அதோடு, சரத்தின் பின்பக்கம், லேத்தை ஒட்டி மறைந்திருந்த பூக்கள் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"முன்னால ஏன் சிவப்பா இருக்கு?" என்று கிட்டத்தட்ட அழுதேன்.

"குங்குமம் சார்! முதலாளி குங்குமத்தத் தண்ணில கரைச்சு அல்லா மெஷினுக்கும் தெளிச்சாரு. பூவுக்கும் சேத்து அபிசேகம் ஆயிட்ச்சு."

அதற்குமேல் எனக்கு மறைக்கத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஆசானின் சந்தேகம், என் அறியாமை, சுடுகாடு, எருமை, எல்லாம். ஏகாம்பரம் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து வெர்னியரை எடுத்து ஒரு பூவின் குழலை அளந்தார். "இருவத்தி ரெண்டு மில்லி. ஓகே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஏன் சார், ஒவ்வொரு மூட்டைலயும் மேலயே ஒரு கொப்பு வெச்சு அனுப்பறேனே, பூவோட காயோட? நீ பாக்கறதே இல்லியா?"

"கொப்பா?"

"சாம்பிள் சார்! பட்டறைல ஒரு லாட்டு சரக்கு போவுதுன்னா, சாம்பிள் பீஸு கூடவே போவும். சாம்பிள் இல்லாத சரக்க எவன் எடுப்பான்? அதே மாதிரிதான் உனுக்கும் அனுப்பறேன். ஆறு வருசமா."

எனக்கு எல்லாம் கண்முன் வந்தது. மூட்டை வாயைப் பிரித்ததும் மேலே கிடக்கும் காய்ந்த சுள்ளி. அது கையில் வேறு ஒட்டும். ஒவ்வொரு தடவையும், 'சருகையெல்லாம் சேர்த்து எடை ஏற்றுகிறான்' என்று முணுமுணுத்துக்கொண்டே பின்னால் குப்பைக்குழியில் வீசுவேன். போதாததற்கு, குப்பை கலந்து அனுப்ப வேண்டாம் என்று ஒருதடவை அவருக்குக் கார்டும் போட்டிருந்தேன்.

அவருக்கும் அது ஞாபகம் இருந்தது. "நீதானே சார் குப்பை கலக்காதேன்னு எழுதுனே? எனுக்கு ஒண்ணும் புரில. நாம சுத்தமாத்தானே அனுப்பறோம், இன்னா குப்பைன்னு ரெண்டு நாளு தூக்கம் வர்ல. அதுலேருந்து வேர நாலு தபா கழுவிதான் காய வெக்கறேன்."

வெட்கமாக இருந்தது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே வெட்கமாக இருந்தது. இந்த மனிதர் விற்கிறவர், பொய் சொல்வார் என்று நினைத்து மூன்று நாளாக இவர் சோற்றைத் தின்றுகொண்டே இவரை வேவு பார்த்திருக்கிறேன். மன்னிச்சிருங்க என்றேன். "அட உடு சார். கேட்டிருந்தா மொத நாளே காட்டியிருப்பேன். சுடுகாட்டுக்கெல்லாம் போயிருக்க வேணாம்" என்றார். பொரி கடலையை இரண்டு கையாலும் அள்ளி என் மடியில் கொட்டினார்.

பூசணிக்காய் உடைத்து முடிந்ததும் சைக்கிளில் காட்டுக்குப் போனோம். கன்னியம்மாவும் கேரியரில் என் இடத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் பார் கம்பியில். அதே வேலி. அதே புதர். முதல் நாள் காவலருக்குப் பதில் சொல்லும்போது நான் முதுகைக் காட்டி நின்ற அதே இடத்தில் இடுப்பளவு உயரத்துக்குக் கொடிவேலி சாய்ந்து நின்றது. எல்லாப் பூவும் லேத்துக்குப் போய்விட்டதால் மொட்டும் பிசுபிசுத்த காய்களும்தான் மிச்சம்.

"அன்னிக்கே உன் வேட்டிலப் பாத்தேனே சார்" என்றார் கன்னியம்மா. "கொடிவேலி காயி அம்மாம் ஒட்டிகினு கீது, கேட்டா ஸ்டேசன்லேருந்து வரேன்றே. ஏதோ வேண்டுதல் போல, சொல்லக்கூடாது போலன்னு உட்டுட்டேன்."

வேர் ஏன் அவ்வளவு தடிமன் என்றும் அங்கேதான் தெரிந்தது. ஏகாம்பரம் ஒரு செடியையும் முழுதாகப் பிடுங்குவதில்லை. பக்கவேரை எடுத்துக்கொண்டு நடுவேரை மண்ணில் விட்டுவிடுவார். "மறு வருசம் அதுவே வரும் சார். ஆறு வருசமா இதே செடிங்கதான். வயசு ஆவ ஆவ வேரு தடிக்காதா?" என்றார்.

சின்னதாக ஒரு செடியை மண்ணோடு தோண்டி எண்ணெய் டின் ஒன்றில் வைத்துக் கொடுத்தார். நுனியில் எட்டு, பத்து மொட்டுகள். அப்போது பின்னால் விசில் சத்தம். முதல் நாள் பார்த்த காவலர். என்னையும் டின்னையும் இவர்களையும் பார்த்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக என்னவோ சொன்னார். ஏகாம்பரத்துக்குக் கொஞ்சம் ஹிந்தி தெரியும்.

"ஊட்ல சமாதானம் ஆயிட்ச்சான்னு கேக்கறாரு. இன்னா சார் இது?"

"ஆயிட்டுதுன்னு சொல்லுங்க" என்றேன்.

திரும்பி வரும் ரயிலில் டின்னை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். தண்ணீர் கிடைக்கும் நிலையத்தில் எல்லாம் முதலில் அது குடித்தது, பிறகு நான். நாகர்கோவிலில் இறங்கிய காலையில் இரண்டு மொட்டு விரிந்திருந்தது. வெள்ளை. வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வைத்தியசாலைக்குப் போய் ஆசானின் மேஜைமேல் வைத்தேன்.

ஆசான் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சுற்றிவந்து பார்த்தார். விரலை நீட்டிப் பூவின் அடியைத் தொட்டார். ஒட்டிக்கொண்டது. உதறினார், விழவில்லை. மறுகையால் எடுத்தார், அதில் ஒட்டிக்கொண்டது.

"பிடிச்சா விடாதுன்னு அப்பா எழுதி வச்சது நெசந்தாம் போல" என்றார் மெதுவாக.

நான் அவரைப் பார்த்தேன். "ஆசானே... நீங்க இதுக்கு முன்னால இந்தப் பூவை...?"

"ஓய், அந்தக் கதவைச் சாத்தும்."

சாத்தினேன்.

"எழுபது வயசாச்சு. இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார். "எங்க அப்பாவும் பாத்திருப்பாரான்னு சந்தேகந்தான். வேரு எப்பவும் மூட்டையிலதான ஓய் வரும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு ஏகாம்பரத்தின் சாம்பிள் கதையைச் சொன்னேன். ஆசான் முகத்தில் சிரிப்பே இல்லை. "ஆறு வருஷமாப் பூவோட வந்த கொப்பா? அதையெல்லாம் எங்க போட்டீரு?"

"பின்னால, குப்பைக்குழியில."

இருவரும் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு போனோம். கிட்டங்கிச் சுவரை ஒட்டி, வேப்ப மரத்தின் அரை நிழலில், குப்பைக்குழியைச் சுற்றி முப்பது, நாற்பது செடி இருக்கும். இடுப்பளவு. கொப்புக்குக் கொப்பு வெள்ளைப் பூ. நான் தினமும் இரண்டு வேளை கடந்துபோகும் இடம். போன மாதம்கூட, வேட்டியில் ஒட்டுகிறது, இந்தக் களையை வெட்டித் தள்ளச் சொல்லுங்கள் என்று ஆசானிடம் நானே புகார் சொல்லியிருந்தேன். அவரும் ஆளை விட்டு வெட்டச் சொல்லியிருந்தார். வெட்டியும் தழைத்திருந்தது.

ஆசான் என் முகத்தைப் பார்க்காமல், செடியைப் பார்த்தபடியே கேட்டார்.

"பயணமெல்லாம் சௌரியமா இருந்துதா ஓய்?"